வத்தேகமவில் நான் பிள்ளை பிடிக்கிறவன் ஆன கதை

புதன்கிழமை காலை ஐந்தரைக்கு யாழ்ப்பாணத்தில் கண்டி பஸ் ஏறும்போது என் தோளில் ஒரு உரப்பை, பழைய உரச் சாக்கு, தொங்கியது. உள்ளே கறுத்தக் கொழும்பான் மாம்பழமும் காய்ந்த பனங்கிழங்கு ஒடியலும் பனங்கட்டியும். கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவில் கடை வைத்திருக்கும் என் சிநேகிதன் நிஸாமுக்கு. "பயணப் பையில கொண்டுபோறனே" என்று கேட்டுப் பார்த்தேன். "மாம்பழம் நசிஞ்சால் அந்தப் பை பிறகு ஒண்டுக்கும் உதவாது. இதெண்டால் கழுவிக் காயப்போடலாம்" என்றாள் மனைவி. பைகள் பற்றிய வாக்குவாதம் எதிலும் நான் இதுவரை வென்றதில்லை. உரப்பையின் வாயைச் சணல் கயிற்றால் கட்டி, தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

என் தோற்றத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததில் அதற்கும் பங்கு உண்டு. ஆறடிக்கு அரை அங்குலம் குறைவு. மீசை, அதைவிடப் பெரியதாகத் தோன்றும். கண்ணில் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமைதான் ஆகிறது என்பதால் வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடச் சொல்லி டொக்டரின் உத்தரவு. புறப்படுமுன் நிலைக்கண்ணாடியில் பார்த்தேன். இந்த ஆளிடம் யாரும் வழி கேட்கமாட்டார்கள் என்று மட்டும் அப்போது நினைத்தேன். என் கற்பனை அவ்வளவுதான்.

கண்டிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். டிக்கட் ஆயிரத்துச் சொச்சம். தம்புள்ளையில் தேநீருக்கு நிறுத்தினார்கள். பக்கத்து மேசையில் எங்கள் பஸ்ஸிலேயே வந்த இளம் தகப்பன் ஒருவன், மூன்று வயதுப் பிள்ளைக்கு ரோல்ஸ் தீத்திக்கொண்டிருந்தான். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. தகப்பன் ஒரு கையால் போனைப் பார்த்தபடியே மற்றக் கையை என் பக்கம் நீட்டி, "சாப்பிடாட்டில் அந்த அங்கிளிட்டக் குடுத்துப்போடுவன்" என்றான். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. சந்தியில் நிற்கும் வழிகாட்டிப் பலகையைக் காட்டுவதுபோலக் காட்டினான். பிள்ளை என்னைப் பார்த்தது. வாய் திறந்தது. ரோல்ஸ் உள்ளே போனது.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. நான் தேநீர் குடிக்க வந்தவன். சம்பளம் இல்லாமல், சம்மதம் இல்லாமல், என்னை யார் இந்த வேலைக்கு எடுத்தது? ஆனால் என் தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

பிற்பகல் இரண்டு மணிக்குக் கண்டி. நிஸாம் கடையை விட்டு நகர ஐந்தரை ஆகும் என்பதால், சாக்கோடு குளக்கரையில் நடந்தேன். கட்டுச் சுவரில் வயிற்றை வைத்து எக்கி, மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டிருந்தான் ஒரு சிங்களப் பையன். எட்டத்தில் நின்ற தாய் அவனை இறங்கச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், சுற்றுமுற்றும் பார்த்தாள். கண்கள் என்னில் வந்து நின்றன. முகம் மலர்ந்தது.

"அர இன்னே கோனி பில்லா" என்றாள்.

அந்தா நிற்கிறான் கோனி பில்லா என்று அர்த்தம். கோனி பில்லா என்பவன் சாக்கோடு திரிந்து, சொல் கேளாத பிள்ளைகளை அள்ளிப்போகிறவன். எங்கள் ஊர்ப் பிள்ளை பிடிக்கிறவனின் சிங்களத் தம்பி. பையன் சுவரில் இருந்து வழுக்கி இறங்கித் தாயின் சாரிக்குள் புகுந்துகொண்டான். தாய் என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்துவிட்டுப் போனாள்.

அங்கிருந்து ஒரு பேக்கரி. மீன் வைத்த மாலு பாண் நூற்றிருபது, பிளேன்டீ அறுபது. ஒரு முஸ்லிம் குடும்பம். பிள்ளை கதிரையில் ஏறி நின்று மேசையைத் தட்டிப் பாட்டுப் பாடியது. நல்ல குரல். ஆனால் கடையில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தது பிள்ளையை அல்ல, தாயை. பக்கத்திலேயே தகப்பன் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் பக்கம் ஒரு கண்ணும் போகவில்லை. தொப்பி போட்ட ஒரு பெரியவர் தேநீர்க் கோப்பையிடம் சொல்வதுபோல, "வளக்கத் தெரியாட்டி ஊட்டோட ஈக்கோணும்" என்றார். வீட்டோடு இருக்க வேண்டுமாம். தாயின் முகம் சுண்டிப்போனது. அவள் பிள்ளையின் காதில் ஏதோ சொன்னாள். பிள்ளை என்னைப் பார்த்தது. பாட்டு நின்றது.

அரை நாளுக்குள் மூன்று தடவை. எத்தனையோ மாநாடு கூட்டியும் ஒருமித்த கருத்துக்கு வராத மூன்று சமூகங்கள், என் விஷயத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் ஒன்றுபட்டு நின்றன. தேசிய ஒற்றுமைக்கு நான் இப்படியொரு பங்களிப்புச் செய்வேன் என்று எதிர்பார்க்கவில்லை. கோபம் கோபமாக வந்தது. அதே கோபத்தோடு நாலரைக்கு வத்தேகம பஸ்ஸில் ஏறினேன். பதின்மூன்று கிலோமீற்றர், எண்பது ரூபாய்.

அந்தக் கோபத்தை நான் மறந்து தொலைத்த இடமும் அந்த பஸ்தான்.

எனக்கு எதிர்ப்பக்கச் சீட்டில் ஒரு இளம் தாய், பக்கத்தில் ஐந்து வயது மகள். மடியில் சப்பாத்துப் பெட்டி. மகளின் நர்சரியில் கலைவிழாவாம், அதற்குக் கண்டியில் வாங்கிய சப்பாத்து. வெள்ளை, மேலே ஒரு பூ. மகளுக்கு அதை அந்த நிமிஷமே போட வேண்டும். தாய்க்கு அது அழுக்காகக் கூடாது. வழியில் மடவளை வரும்போது பிள்ளை பெட்டியைத் திறந்து சப்பாத்தை மாட்டி, சீட்டில் ஏறி நின்று காலைத் தட்டத் தொடங்கியிருந்தாள்.

"கழட்டு தர்ஷி. வெள்ளிக்கெழம போடலாம்."

"இப்பவே."

"சொன்னா கேளு."

"இப்பவே, இப்பவே."

முன் சீட்டுக்காரர் திரும்பினார். "புள்ளைய கண்டிச்சி வளக்கணும் தங்கச்சி." பின்னால் இருந்து ஒரு அம்மா, "எங்க அப்பா ஒரு மொற மொறச்சா போதும், ஒன்னுக்கு போயிருவோம்" என்றார், அது ஏதோ பெரிய பெருமை போல. கொண்டக்டர் தன் பங்குக்கு, "ஏறி நின்னா ரெண்டு டிக்கட் எடுக்கணும், சப்பாத்துக்குத் தனி" என்றார். தாயின் கழுத்து சிவந்தது. பிறகு நான் நாள் முழுவதும் பார்த்துப் பழகிய அந்தத் தேடல், அவள் கண்ணில். அது சுற்றியது, என்னிடம் வந்தது, என் சாக்கைக் கண்டது.

"அந்தா பாரு. சாக்கோட ஒருத்தரு இருக்காரு தெரியுதா? சொல்றத கேக்காத புள்ளைங்கள எல்லாம் அள்ளிப் போட்டுட்டுப் போறவரு." பிறகு பிள்ளைக்குத் தெரியாமல் என்னிடம், "கொஞ்சம் மொறைங்க அண்ணே" என்றாள்.

தம்புள்ளையில் இருந்து சேர்த்து வைத்த கோபத்தை நான் இங்கேதான் கொட்டியிருக்க வேண்டும். "தங்கச்சி, நான் பிள்ளை பிடிக்கிற ஆள் இல்லை" என்று ஒரு வசனம். ஆனால் முழு பஸ்ஸும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. சபை கூடிவிட்டால் எனக்கு ஒரு வியாதி. இளமையில் ஊர் நாடகத்தில் எமதூதனுக்கு மேல் வேடம் கிடைக்காதவன் நான். மெதுவாகக் குனிந்தேன். சணல் கயிற்றை அவிழ்த்தேன். சாக்கின் வாயை அகல விரித்து உள்ளே எட்டிப் பார்த்து, அடித்தொண்டையில் சொன்னேன்:

"இன்னும் ஒரு ஆளுக்கு இடம் கிடக்கு."

பஸ்ஸே சிரித்தது. கொண்டக்டர் கை தட்டினார். முன் சீட்டுக்காரர், "அப்பிடி சொல்லுங்க" என்றார். ஒரு ஆள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் சீட்டில் இருந்து இறங்கி, சப்பாத்து இரண்டையும் தானே கழற்றி, தாளில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மூடியை அமர்த்தி, கைகட்டி உட்கார்ந்தாள். வத்தேகம வரும் வரைக்கும் மூச்சுச் சத்தமும் இல்லை. "ரொம்ப நன்றிண்ணே" என்றாள் தாய். நான் பெருமையோடு மீசையைத் தடவிக்கொண்டேன்.

மாலை ஐந்தேகாலுக்கு வத்தேகம சந்தையடியில் இறங்கினேன். நிஸாமின் கடை மரக்கறிக் கடைகளுக்கு அப்பால். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, லீக்ஸ் கட்டுகளுக்கும் கரட் குவியலுக்கும் நடுவே நடந்தேன். ஒரு முடுக்கில் திரும்பியபோது பத்தடி முன்னால் அந்தத் தாய் போஞ்சிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் பின்னால் தர்ஷி, சப்பாத்துப் பெட்டியை அணைத்தபடி, என்னைப் பார்த்துக்கொண்டு.

நான் கையசைத்தேன். சிநேகமாகத்தான். அவளுக்கு அது வேறு விதமாகத் தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் இருந்தவன் பின்னாலேயே வந்துவிட்டான், தோளில் சாக்கு, கையை வேறு நீட்டுகிறான்.

பெட்டி கீழே விழுந்தது. பிள்ளை இல்லை.

தாய் திரும்பினாள். "தர்ஷி?" பிறகு அந்தப் பெயரைச் சந்தை முழுவதும் கேட்கக் கத்தினாள். தெரு பக்கத்தில்தான், பாரம் ஏற்றிய வாகனங்கள் விடாமல் போகும் தெரு. கடைக்காரர்கள் தராசை விட்டுவிட்டு ஓடினார்கள். நானும் ஓடினேன். சாக்கோடு நான் ஓடியது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று பிறகு விளங்கியது.

சந்தை ஓரத்தில் ஒரு லொறி நின்றது, உருளைக்கிழங்கு இறக்கி முடிந்து புறப்படுகிற நேரம். பின் சில்லுக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் செருப்பு. குனிந்து பார்த்தேன். இரண்டு சில்லுக்கும் நடுவே, அச்சைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தாள். என்னைக் கண்டதும் இன்னும் உள்ளே நகர்ந்தாள். மறுபக்கம் தெரு. இன்னும் இரண்டு தடவை நகர்ந்தால் தெருவுக்குப் போய்விடுவாள்.

"இங்க இருக்கிறாள்" என்று கத்தினேன். லொறிச் சாரதி சாவியும் கையுமாக வந்து, குனிந்து பார்த்துவிட்டுச் சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டான். இனி அவள் வெளியே வர வேண்டும், அவ்வளவுதான். சந்தை முழுக்கப் பெரியவர்கள், ஆளுக்கு இரண்டு மூன்று பிள்ளை வளர்த்தவர்கள். எல்லாரும் குனிந்து உதவி செய்யத் தொடங்கினார்கள்.

"வெளிய வந்துரு புள்ள. இல்லாட்டி பொலிஸ் மாமா வந்து கூட்டில போட்டுருவாரு."

"அங்க பாம்பு இருக்கு. கடிச்சிரும்."

"டொக்டருக்கு சொல்லியீக்கி. பெரிய ஊசியோட வாராரு."

"இப்ப வரல, அம்மா ஒன்ன விட்டுட்டு வீட்டுக்குப் போறேன். போறேன் பாரு." இது தாய், அழுதுகொண்டே.

ஒவ்வொரு வார்த்தைக்கும் அந்தப் பிள்ளை ஒரு சாண் உள்ளே போனாள்.  லொறிக்கு அடியில் பயந்து ஒளிந்த பிள்ளையை வெளியே எடுக்க இத்தனை பேர் இருந்தும், பயமுறுத்துவதைத் தவிர ஒருவர் கையிலும் வேறு ஆயுதம் இல்லை. "பயப்பிடுத்தாதேங்கோ" என்று நான் கத்தினேன். என் குரல் கேட்டதும் பிள்ளை வீரிட்டாள். அந்த இடத்தில் வாய் திறக்க உரிமை இல்லாத ஒரே ஆள் நான்தான்.

பிறகு உள்ளிருந்து மெல்லிய குரல் வந்தது.

"அந்த சாக்கு மாமா போனாத்தான் வருவேன்."

எல்லாரும் நிமிர்ந்தார்கள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் பின்னுக்கு நகர்ந்து ஒரு கடையின் மறைவில் நின்றேன். "அங்கதான் நிக்கிறாரு" என்றாள் அவள். லொறிக்கு அடியில் இருந்து அவளுக்குச் சந்தை முழுவதும் கால்கள் தெரிந்தன, என் கால் எது என்று அவளுக்குத் தெரியும்.

தாய் என்னிடம் ஓடி வந்தாள். "அண்ணே, ஒங்க கால்ல விழுறேன். ஊர விட்டே போயிருங்க."

பன்வில பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு புறப்படத் தயாராக நின்றது. லொறியில் இருந்து நேராகத் தெரிகிற இடம். சாக்கோடு அதில் ஏறினேன். நான் போகவேண்டிய கடை கூப்பிடு தூரத்தில், நான் ஏறியது எனக்கு ஒரு வேலையும் இல்லாத ஊருக்கு. பஸ் மெல்ல நகர்ந்தது. யன்னலால் பார்த்தேன். முதலில் ஒரு கை வெளியே வந்தது, பிறகு தலை, பிறகு மண்ணும் எண்ணெயுமாக முழுப் பிள்ளையும். தாய் வாரி அள்ளி, முத்தமிட்டு, கட்டிப்பிடித்து, இறக்கி நிறுத்தி, பளாரென்று முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு இன்னொன்று. சுற்றி நின்றவர்கள் தலையை ஆட்டி ஆமோதித்தார்கள்.

நான் சீட்டை விட்டு எழுந்துவிட்டேன். அடிக்காதே என்று கத்த வேண்டும், இறங்கிப் போய்த் தடுக்க வேண்டும். ஆனால் நான் இறங்கினால் அவள் மறுபடி லொறிக்கு அடியில். அவளுக்காகக் கோபப்பட்ட ஒரே ஆள் அவள் பயத்துக்குக் காரணமான ஆள். அப்படியே உட்கார்ந்தேன். "எங்க எறங்கப்போறீங்க?" என்றார் கொண்டக்டர். "எங்கயாவது" என்றேன். பன்விலைக்கு டிக்கட் கிழித்துத் தந்தார்.

ஒன்பது கிலோமீற்றர், முழுக்க ஏற்றம். தேயிலைச் சரிவுகளில் மாலை மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது என்றும், அழகு சொல்லி முடியாது என்றும் இங்கே எழுத வேண்டும். நான் ஒன்றையும் பார்க்கவில்லை. பன்வில சந்தியில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தேன்.

"யாரு வீட்டுக்கு வந்தீங்க?" என்றார் கடைக்காரர்.

"ஒருத்தற்ற வீட்டுக்கும் இல்லை. வத்தேகமவில இருந்து துரத்திப்போட்டினம்."

"யாரு?"

"அஞ்சு வயசுப் பிள்ளை ஒண்டு."

அவர் என்னைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். தேநீரை வைத்துவிட்டு, வாசலில் விளையாடிக்கொண்டிருந்த மகளை உள்ளே போகச் சொன்னார்.

அந்தத் தேநீரோடு எனக்கு வந்த கோபத்தை இப்போதும் இறக்கி வைக்க முடியவில்லை. பிள்ளை தெருவில் தொலைந்தால் பொலிஸாரிடம் போக வேண்டும், காய்ச்சல் வந்தால் டொக்டரிடம் போக வேண்டும், ஒருவரும் இல்லாவிட்டால் தெரியாத மனிதனின் கையையாவது பிடிக்க வேண்டும். நாங்கள் என்ன செய்கிறோம்? பிள்ளை சோறு தின்ன வேண்டும் என்பதற்காக, இந்த உலகத்தில் அவளுக்கு உதவக்கூடிய ஒவ்வொருவரையும் ஒவ்வொரு வாய்ச் சோற்றுக்கும் பேயாக்கி வைக்கிறோம். பஸ்ஸில் பிள்ளை அழுதால் தாயைத் திட்டுவோம். பிள்ளையை ஒரு நிமிஷம் மடியில் வைத்திருக்க ஒருவரும் கை நீட்டமாட்டோம். திட்டுக்குப் பயந்து தாய் பிள்ளையைப் பயப்படுத்தினால், "அப்பிடிச் சொல்லுங்க" என்போம். அந்த பஸ்ஸில் கை தட்டு வாங்கியவன் நான் என்பதால், இந்தக் கோபத்தில் கொஞ்சம் கள்ளமும் இருக்கிறது. இருந்தாலும் அது கோபந்தான்.

இருட்டுகிற நேரம் திரும்பி வந்து, சுவரோரமாக நழுவி நிஸாமின் கடைக்குள் புகுந்தேன். கதை எனக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது.

"சாக்கோட ஒரு யாழ்ப்பாணத்து ஆள் புள்ள புடிக்க வந்ததாம், மச்சான்" என்றான் நிஸாம், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி. "மீசைய சொன்னோடன எனக்கு வெளங்கிட்டு."

அந்தத் தாயின் பெயர் புவனா என்றும், எதிர்த் தையற்கடையில் வேலை என்றும், புருஷன் கொழும்பில் கட்டட வேலையில் இருந்து மாதம் ஒரு தடவைதான் வருகிறான் என்றும் அவன்தான் சொன்னான்.

வியாழன் காலை ஏழரைக்கு, அந்தப் புவனாவே கடைக்கு வந்து நின்றாள். இரவு முழுக்கத் தூங்கவில்லை என்று முகம் சொன்னது.

"அண்ணே, தர்ஷி வாசப்படிய தாண்ட மாட்டேங்கிறா. நர்சரிக்கு போகலன்னா நாளைக்கு கலைவிழாவுல விட மாட்டாங்க. எனக்கும் வேலைக்கு போகணும். ஒருக்கா வந்து ஒங்க மொகத்த காட்டுங்க. நீங்க நல்லவருன்னு சொல்லுங்க."

"நேற்று ஏன் பிள்ளைய அடிச்சனீங்கள்?" என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

அவள் சந்தைப் பக்கம் பார்த்தாள். "எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க அண்ணே. அடிக்காம கூட்டிட்டு போயிருந்தா, இவ புள்ள வளக்குற லட்சணத்த பாருன்னு அதுக்கும் பேசியிருப்பாங்க."

நான் முதல் நாளே தயார் பண்ணி வைத்திருந்த பிரசங்கம் ஒன்று இருந்தது. அதை விழுங்கினேன்.

நிஸாம் மீசையை எடுக்கச் சொன்னான். அதற்கு நான் உடன்படவில்லை. கறுப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றிச் சட்டைப் பையில் வைத்தேன். அவனும் கூட வந்தான். புவனாவின் வீடு சந்தைக்குப் பின்னால் ஒரு சின்ன ஏற்றத்தில், ஒரு கதவும் ஒரு யன்னலும். பக்கத்து வீடுகளில் இருந்து நாலைந்து பேர் வேடிக்கை பார்க்க வெளியே வந்து நின்றார்கள். கதவில் இருந்து எட்டத்தில், மண்ணிலேயே உட்கார்ந்தேன். யன்னல் சீலை ஒரு விரலளவு விலகியது.

வெயில் நேராகக் கண்ணில் விழுந்தது. புதுக் கண், கண்ணீர் கொட்டியது.

"ஒங்களுக்கு யாரு அடிச்சா?" என்றது யன்னல்.

"ஒருத்தரும் அடிக்கேல்ல பிள்ளை. கண்ணில ஒப்பரேசன் செய்தது."

"சாக்கு எங்க?"

"நிஸாம் மாமாவின்ர கடையில."

"அதுக்குள்ள இருந்த புள்ளைங்க?"

"பிள்ளையள் இல்லை. அதுக்குள்ள இருந்ததை எல்லாம் நிஸாம் மாமாதான் சாப்பிட்டு முடிச்சவர்" என்றேன். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது விளங்கியது. சீலை மூடிக்கொண்டது. பின்னால் நின்ற நிஸாம், "நல்லா சொன்னீங்க மச்சான், இனி நானும் வெளிய போக ஏலாது" என்றான்.

"மாம்பழம்" என்று கத்தினேன். "மாம்பழம் பிள்ளை. மாம்பழமும் ஒடியலும்."

சீலை மறுபடி விலகியது. பிறகு, "அம்மா சொன்னிச்சே" என்ற குரல்.

நான் புவனாவைப் பார்த்தேன். இதற்கு மேல் நான் சொல்லி ஒன்றும் ஆகாது, அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்கும் அது விளங்கியது. அயலவர்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "சின்னப் புள்ளகிட்ட போயி என்னத்த சொல்லுவ?" என்றாள் அங்கிருந்து ஒருத்தி. புவனா யன்னலடிக்குப் போனாள்.

"அம்மா பொய் சொன்னேன் தர்ஷி. அந்த மாமா யாரையும் புடிக்கிறவரு இல்ல."

"அப்ப ஏன் சாக்க தொறந்து இடம் இருக்குன்னாரு?"

இது எனக்கான கேள்வி. "நானும் பொய்தான் சொன்னனான். எல்லாரும் சிரிப்பினம் எண்டு சொன்னனான்" என்றேன்.

"நான் சிரிக்கல."

"ஓம். நீ சிரிக்கேல்ல."

கதவு திறந்தது. நர்சரி உடுப்போடு வாசற்படியில் நின்றாள். முகத்தில் பயம் இன்னும் போகவில்லை, ஆனால் அதற்கு மேலே வேறு ஒன்று ஏறியிருந்தது. கணக்குத் தீர்க்க வந்தவளின் முகம். என்னை விட்டுவிட்டுத் தாயிடம் திரும்பினாள்.

"அப்ப பொலிஸ் மாமா?"

"அதுவும் பொய்தான்."

"ஊசி டொக்டரு?"

"அவரு காய்ச்சல் வந்தா மட்டுந்தான்."

"சோறு திங்காட்டி கண்ணு குத்துற சாமி?"

புவனா என்னைப் பார்த்தாள். நான் வானத்தைப் பார்த்தேன். "அதுவும்" என்றாள்.

"விட்டுட்டு போயிருவேன்னு சொன்னது?"

புவனா குனிந்து அவளுடைய கையைப் பிடித்தாள். "அதுதான் பெரிய பொய்" என்றாள். 

பிள்ளை படியைத் தாண்டினாள். என் பக்கம் வரவில்லை, எட்டத்தில் ஒரு வளையம் போட்டு என்னைக் கடந்து நடந்தாள். ஒரே நாளில் அவ்வளவுதான் எதிர்பார்க்கலாம். புவனா பின்னால் போனாள், நானும் நிஸாமும் இன்னும் பின்னால். இறக்கத்தில் புவனா என் பக்கம் திரும்பி, பிள்ளைக்குக் கேட்காதபடி சொன்னாள்: "இருந்த எல்லாத்தையும் வாங்கிக்கிட்டீங்க அண்ணே. இனிமே எத வச்சி இவள சோறு திங்க வைக்கிறது?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

சந்தைத் தெருவுக்கு வந்தோம். தர்ஷி முன்னால் ஓடி, தெருவின் ஓரத்தில் கால் வைத்தாள். பாடசாலை வான் ஒன்று வேகமாக இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. புவனா வாயைத் திறந்தாள், "வேன் மாமா புடிச்..." அங்கேயே நின்றுவிட்டாள். ஒரு வினாடி, கையில் ஒன்றுமே இல்லாத மனுஷியாக நின்றாள்.

"தர்ஷி, வேன் வருது. அடிபட்டா காலு ஒடியும். ரொம்ப வலிக்கும். கையப் புடி."

பிள்ளை திரும்பிப் பார்த்தாள். "நெசமா?"

"இது நெசம்."

அவள் ஒரு அடி பின்னுக்கு வந்து கையை நீட்டினாள். வான் போனது. இரண்டு பேரும் தெருவைக் கடந்தார்கள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குக் கண்டியில் யாழ்ப்பாணம் பஸ் ஏறினேன். வெறும் கையோடு. சாக்கைக் கழுவி வைத்துக்கொள் என்று நிஸாமிடமே கொடுத்துவிட்டேன், வீட்டில் வாங்கப்போகும் ஏச்சுக்குத் தயாராகத்தான். எங்கள் ஊரில் இந்தச் சாக்குக்காரன் தொல்லை குறைவு. நாங்கள் நாகரிகமானவர்கள், பிள்ளைகளைப் பேய் காட்டி வெருட்டமாட்டோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பரீட்சைப் புள்ளிகளைக் காட்டி வெருட்டுவோம், அந்தப் பயம் கலியாணம் கட்டிய பிறகும் போகாது. வவுனியா தாண்டியபோது முன் சீட்டில் ஒரு பிள்ளை சிணுங்கத் தொடங்கியது. வழக்கம்போல எல்லாரும் தாயைப் பார்த்தார்கள். தாய் யாரைக் காட்டலாம் என்று சுற்றிப் பார்த்தாள். அவள் கண் என்னிடம் வருமுன் நான் எழுந்துபோய், பிள்ளையைக் கொஞ்ச நேரம் நான் வைத்திருக்கட்டா என்று கேட்டேன். அவள் என் மீசையைப் பார்த்தாள். "வேண்டாம் அண்ணை, பயப்பிடும்" என்றாள்.

என் சீட்டுக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தேன். பிள்ளை ஆனையிறவு வரைக்கும் அழுதது. கேட்டுக்கொண்டே வந்தேன், ஒருவரும் செத்துப்போகவில்லை.